பேனரில் இருந்த கை

பிள்ளை வளர்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்பதற்கு முன்பே செய்துவிடுவது. பிள்ளை தும்முவதற்குள் கைக்குட்டையை நீட்டுவோம். பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பையில் அது வைத்த பேனாவுக்குத் துணையாக இன்னொரு பேனா, அந்தப் பேனா எழுதாவிட்டால் இருக்கட்டும் என்று மூன்றாவதாக ஒன்று. வீட்டில் இதற்குப் பாசம் என்று பெயர். அலுவலகத்தில் முந்திரிக்கொட்டைத்தனம் என்று பெயர். இந்த வித்தியாசத்தை நான் நாற்பத்தாறாவது வயதில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது.

அந்த வயதில் நான் இன்டர்ன். (சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன்.)

பி.காம். முடித்த வருடமே எனக்குக் கல்யாணம். அப்புறம் மகள் யாழினி. அப்புறம் அவளுடைய பள்ளிக்கூடம், டியூஷன், அம்மை, அலர்ஜி, கல்லூரி. படிப்பை முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன மறுநாள் காலையில், இரண்டு பேருக்கு எத்தனை இட்லி ஊற்றுவது என்று தெரியாமல் தட்டோடு நின்றேன். என் கணவர் திண்டுக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் கவலைப்பட மோட்டார்கள் இருந்தன. எனக்கு யாருமில்லை. இப்படியே ஒரு மாதம் போனால் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவாரப் போய்விடுவேன் என்று பயந்து, கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் வகுப்பில் சேர்ந்தேன். உடன் படித்த பெண்கள் முதல் நாள் என்னை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

வகுப்பு முடிந்ததும் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. மல்லிகைப்பூவிலிருந்து வாசனைத் தைலம் எடுக்கிற கம்பெனி. சுற்றுவட்டாரத்தில் சென்ட் கம்பெனி என்றால்தான் தெரியும். காலையில் வேன்களில் மொட்டாக வரும் பூவைப் பெரிய கூடத்தின் தரையில் பரப்பிவிடுவார்கள். பொழுது சாய்ந்து அது விரிந்த பிறகுதான் இயந்திரத்துக்குப் போகும். வாசனை எங்கள் கணக்கு அறை வரைக்கும் வரும். முதல் வாரம் தலை கிறுகிறுத்தது. இரண்டாம் வாரம் அங்கேயே நிரந்தரமாக வேலை பார்த்தால் என்ன என்று தோன்றியது. மூன்றாம் வாரம் அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. இந்த வேலையை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். சொந்தக்காரர்களிடம் வேலை கிடைத்துவிட்டதாகவே சொல்லியும் விட்டேன். (இதுவும் அந்த வியாதியின் ஒரு கிளைதான்.)

நிதி மேலாளர் தண்டபாணி, பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரர். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அவர் பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ உண்டு. எங்கள் திண்டுக்கல் பக்கம் எரிச்சல் வந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். அவர் ஊரில் எரிச்சலுக்கும் மரியாதை கொடுத்து உட்காரவைப்பார்கள். அதனால் நான் உதவியாக இருக்கிறேனா உபத்திரவமாக இருக்கிறேனா என்பது ரொம்ப நாளைக்கு எனக்குத் தெரியவேயில்லை.

உபத்திரவம்தான். ஒவ்வொரு பில்லின் முதுகிலும் அது எதற்கு வந்த பில் என்று பென்சிலில் எழுதிவைத்தேன். அவர் மேசைமேல் விரித்துப்போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த வங்கிக் காகிதங்களை, அவர் சாப்பிடப் போன நேரத்தில் அழகாக அடுக்கி ஃபைலில் போட்டுவிட்டேன். அவர் ஒருமுறை இருமினார் என்பதற்காகச் சுக்குத்தண்ணீர் போட்டுக்கொண்டு போனேன். அவர் வருவதற்கு முன்பே அவருடைய கம்ப்யூட்டரைப் போட்டுவைக்கலாம் என்று ஒருநாள் பொத்தானை அமுக்க, அது ஏதோ அப்டேட் என்று சொல்லிக்கொண்டு மதியம் வரை யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. அன்றைக்கு வரி கட்டக் கடைசி நாள். தண்டபாணி என் பக்கம் திரும்பி, “அக்கா, நீங்க கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தீங்கன்னா எனக்குப் பெரிய ஒதவியா இருக்குமுங்க்கா” என்றார். எவ்வளவு பணிவான பிள்ளை என்று நான் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கினார்.

பஸ் நிறுத்தத்தில் நின்று யாழினிக்கு ஃபோன் போட்டேன். அவளும் இன்டர்னாக இருந்து நிரந்தரமானவள். பெற்ற பெண்ணிடம் அலுவலக ஒழுக்கம் கற்றுக்கொள்வது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை வேண்டுமே.

“ஏம்மா, நீ செய்யிறது அவரு வேலையக் கொறைக்குதா கூட்டுதான்னு மொதல்ல பாரு” என்றாள். “கேள்வி வந்தா ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சு ஓடாத. சேத்து வச்சு ஒருவாட்டி கேளு. கேட்டுட்டுச் செய்யி.”

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துபோல அதைக் கடைப்பிடித்தேன். அறையில் அமைதி நிலவியது. ஒரே லாரி வாடகை பில் இரண்டு முறை வந்திருப்பதைக் கவனித்து, இரண்டையும் சேர்த்து எடுத்துவைத்து, அவர் வேலையாக இல்லாத நேரம் பார்த்துக் காட்டினேன். தண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்லாப் பார்த்தீங்க்கா என்றார். அந்த ஒரு பாராட்டு எனக்கு ஆகவில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதே என்று கூடச் சாப்பிட்டவள் கதிதான் அப்புறம்.

பயிற்சி முடிய இரண்டு வாரம் இருந்தபோது தண்டபாணி என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை காலை வங்கி மேலாளர் அம்மா கம்பெனியைப் பார்க்க வருகிறார். பூ வரத்து எப்படி இருக்கிறது, கூடம் நிறைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடன் வரம்பைக் கூட்டுவார்கள். முதலாளி வெளியூரில் இருக்கிறார், எல்லாம் நம் பொறுப்பு என்றார். பிறகு சொன்னார்: “லிமிட் கூடுச்சுன்னா கணக்குல ஒரு ஆள் சேத்துக்கலாமுங்க்கா. மொதலாளிகிட்ட உங்க பேரத்தான் சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழம எல்லாம் ரெடியா இருக்கோணுமுங்க.”

எல்லாம் ரெடியாக இருக்க வேண்டும். இந்த வார்த்தையை ஒரு தாயிடம் சொல்லவே கூடாது.

காகிதங்களை எல்லாம் வெள்ளிக்கிழமையே தயார் செய்துவிட்டேன். அவை ஒழுங்காகத்தான் இருந்தன, அதில் என் பேரில் குற்றமில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தால் வாசலிலேயே தெரிய வேண்டாமா? எங்கள் பக்கத்தில் காது குத்துக்கே ரோடு மறைக்கிற அளவுக்கு பேனர் வைப்பார்கள். நம்மை வாழவைக்க வருகிற அம்மாவுக்கு ஒரு வரவேற்பு பேனர்கூட இல்லாமல் எப்படி? பத்து வருடம் இந்த ஊரில் குடியிருந்தவர் யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

மகள் சொன்னபடி கேட்டுவிட்டுத்தான் செய்ய நினைத்தேன். சனிக்கிழமை காலையில் நாலு கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு தண்டபாணியிடம் போனேன். மூன்று கேள்விகள் பூ இருப்புக் கணக்கைப் பற்றி. மூன்றுக்கும் பதில் வந்தது. நாலாவது பேனர். நான் வாயைத் திறக்கும்போது அவருக்கு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். நாலில் மூன்று கேட்டாகிவிட்டது, முதல் வகுப்பு மார்க்குக்கு மேலேயே இருக்கிறதே என்று நானும் அரைநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பேனருக்குப் படம் வேண்டும். அந்த அம்மாவின் படம் என் ஃபோனிலேயே இருந்தது. முந்தைய வருடம் யாழினியின் கல்லூரி விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். கட்டுரைப் போட்டியில் யாழினிக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார். சுருட்டி ரிப்பன் கட்டிய சான்றிதழின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் மகள் கையில், இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் படத்தோடு திண்டுக்கல்லில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். என் பெண்ணை எடுத்துவிட்டு மேடத்தை மட்டும் வைக்கச் சொன்னேன். டிசைன் செய்கிற தம்பி மௌஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

“பாப்பாவ எடுத்துட்டேன்க்கா. கை மட்டும் போவ மாட்டேங்குது. கைய வெட்டுனா பேப்பரும் போயிரும், பேப்பர வெட்டுனா மேடத்தோட வெரலும் போயிரும். பரவால்லயா?”

வங்கி மேலாளருக்கு விரல் இல்லாமல் வரவேற்பு கொடுக்க முடியுமா? கை இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். மணிக்கட்டில் கயிறு கட்டிய, மருதாணி வைத்த ஒரு கை எங்கிருந்தோ நீண்டு வந்து அந்தச் சுருளைப் பிடித்திருந்தது. பார்க்க மங்களகரமாகத்தான் இருந்தது.

கீழே ஒரு மூலை காலியாகக் கிடந்தது. வெறுமையாக விடக் கூடாது என்பது அந்தத் தம்பியின் தொழில் தர்மம். நம்ம ஊர் என்றால் பூட்டுதானேக்கா என்று சொல்லிக்கொண்டே, மேடத்தின் இடுப்பு உயரத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்து வைத்தார். சாவி தொங்குகிற பூட்டு. தகதகவென்று ஜொலித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திண்டுக்கல்காரிக்கு பூட்டைப் பார்த்தால் ஊர்ப் பெருமைதான் ஞாபகம் வரும். வேறு என்ன ஞாபகம் வரக்கூடும் என்று அந்தக் கடையில் இருந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் என் கணவரும் நானும் போய், மெயின் ரோட்டிலிருந்து கம்பெனிக்குப் பிரிகிற முக்கில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு பேனரைக் கட்டினோம். கம்பெனியின் பெயர், ‘வருக வருக’, வங்கி மேலாளர் என்று பெரிய எழுத்து, மேடம், சுருள், கை, பூட்டு. கணவர் கம்பியை முறுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். செத்தவர்களுக்கு வைக்கிற பேனர் மாதிரி இல்லையா என்று கேட்டார். வருக என்று போட்டிருப்பதைப் படிக்கச் சொன்னேன். அதைத்தான் சொல்கிறேன், எங்கே வரச் சொல்கிறார்கள் என்றுதான் பயமாக இருக்கிறது என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தேன்.

வழக்கமாக நான் பையை மேசையில் வைக்கும்போதே முதல் வேனின் ஹார்ன் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. கூடத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தரையில் ஒரு மொட்டு இல்லை. தண்டபாணி இரண்டு முறை வாசலுக்குப் போய்வந்தார். நானும் அவர் பின்னாலேயே இரண்டு முறை போய்வந்தேன். வேலையைக் கூட்டாத உதவி அது ஒன்றுதான் அப்போது தெரிந்தது.

கடைசியில் பஞ்சவர்ணத்துக்கு ஃபோன் போட்டார். பஞ்சவர்ணம், சுற்றிலும் உள்ள ஊர்களில் பூவைச் சேகரித்துத் தன் குட்டியானை வண்டியில் கொண்டுவருகிற பெண்மணி. அவர் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் மற்ற வண்டிகளும் திரும்பும். ஃபோனில் அவர் குரல் எனக்கே கேட்டது. கம்பெனியைத்தான் பேங்க்காரங்க எடுத்துக்கிட்டாங்களாமே, எல்லாரும் டீக்கடையிலேயே நிற்கிறோம், பூவை மார்க்கெட்டுக்குத் திருப்பலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

“யாருங்க சொன்னது?” என்றார் தண்டபாணி.

“யாரு சொல்லணும்? முக்குல நீங்களே போர்டு வச்சிருக்கீகளே சாமி. பேங்க்கம்மா நிக்கிறாக, பத்திரம் கைமாறுது, இம்புட்டுப் பெரிய பூட்டு. அப்பறம் என்னத்தச் சொல்லணும்?”

தண்டபாணி ஃபோனை வைத்துவிட்டு, என்ன போர்டு என்று பொதுவாகக் கேட்டார். அறையில் நானும் மின்விசிறியும்தான் இருந்தோம்.

அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து முக்குக்குப் போன அந்தத் தூரம் கொஞ்சம்தான். எனக்கு அது பழனிக்குப் பாதயாத்திரை போனதுபோல இருந்தது. அவர் பேனரின் முன்னால் வண்டியை நிறுத்தினார். மேலிருந்து கீழ் வரை படித்தார். நான் பெருமைப்பட்ட எல்லாம் அப்போதுதான் எனக்கும் வேறு மாதிரித் தெரிந்தன. அந்தச் சுருள் அச்சு அசல் பத்திரம். மேடத்தின் சிரிப்பு, சொத்தை வாங்கியவர் சிரிப்பு. பூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

“இது யாரோட கைங்க்கா?” என்றார்.

“எம் பொண்ணு கை தம்பி.”

அவர் வண்டியின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக் கார் ஒன்று முக்கில் திரும்பி, கொஞ்சம் தள்ளிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது. மேலாளர் அம்மா இறங்கினார். தன்னைவிட உயரமான தன்னை அண்ணாந்து பார்த்தார். இதற்குள் தண்டபாணி, பூ வராததையும் ஏன் வரவில்லை என்பதையும் உள்ளபடியே சொல்லிவிட்டார். மறைக்கவும் இடமில்லை, ஆதாரம் சவுக்குக் கம்பில் ஆடிக்கொண்டிருந்தது.

“கடனைக் கூட்டிக் கொடுக்கலாமான்னு பார்க்கத்தான் நான் வந்தேன்” என்றார் மேடம் நிதானமாக. “அதுக்குள்ள நீங்க என்னையே வச்சுக் கம்பெனியப் பூட்டிட்டீங்க.” பிறகு அவர் விரல் மெல்ல நகர்ந்து ஓரத்தில் நின்றது. “இந்தக் கை யாரோடது?”

எதிரே திண்டுக்கல் பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினால் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் வீடு. நாளை முதல் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவாரலாம். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டீக்கடையில் மூட்டையில் கட்டிக் கிடக்கிற பூ வெயிலில் வெந்துகொண்டிருக்கிறது. அது மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் இன்றைக்குக் கூடம் காலி. காலிக் கூடத்தைப் பார்த்துவிட்டு மேடம் போனால் லிமிட் இல்லை. லிமிட் இல்லாவிட்டால் எனக்கு வேலையும் இல்லை, தண்டபாணிக்கு முதலாளி முன்னால் முகமும் இல்லை. பஸ் என்னைக் கடந்து போனது. நான் விடுவதாக இல்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கலாமா?” என்றேன்.

“என்ன” என்றார் தண்டபாணி. வெறும் ‘என்ன’. ‘ங்க’ இல்லை. மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து அது விழுந்துபோய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மேடமே டீக்கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள், அவரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். மூன்று மாதத்தில் சரியான நேரத்தில், ஒற்றைக் கேள்வியாக, செய்வதற்கு முன்னால் நான் கேட்டது அது ஒன்றுதான். தண்டபாணி மேடத்தைப் பார்த்தார். மேடம் பேனரைப் பார்த்தார். என் முகத்தை இந்த ரோட்டில் இதற்கு மேல் கெடுக்க முடியாது, வாங்க போகலாம் என்று காரில் ஏறினார்.

டீக்கடை முன்னால் வேன்கள் வரிசையாக நின்றன. மேடம் இறங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். அது மரியாதை இல்லை, பயம். பேனரில் இருக்கிற ஆள் நேரிலேயே வந்துவிட்டால் பிறகு சந்தேகத்துக்கு இடமேது? ஒருவர் வண்டியை மார்க்கெட் பக்கம் திருப்பவே ஆரம்பித்துவிட்டார். மேடம், கம்பெனி நன்றாக நடக்கிறது, நான் கொடுக்கத்தான் வந்தேன், எடுக்க வரவில்லை என்று சொல்லிப் பார்த்தார். எடுக்க வருகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பஞ்சவர்ணம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“ஏக்கா, நீ கணக்கெழுதுற பொம்பளதான? பூட்ட மாட்டி, பத்திரத்தக் குடுக்குற மாதிரிப் படத்தப் போட்டு, வருக வருகன்னா நாங்க என்னன்னு நெனைக்கிறது? வாங்கங்கிறியா, போங்கங்கிறியா? அதுசரி, அந்தக் கை யாரு கை? மொதலாளியம்மா கையின்னுல்ல பேசிக்கிறாக.”

வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று. ஃபோனை எடுத்து அசல் படத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அதில் மேடம் இருந்தார், சுருள் இருந்தது, கை இருந்தது, கைக்குப் பின்னால் முழுசாக என் மகள் இருந்தாள். பாவாடை தாவணியில், பல்லெல்லாம் தெரிய. அவளை வெட்டிவிட்டுத்தான் பேனர் போட்டேன், கையை வெட்ட முடியவில்லை, பூட்டு வெறும் அழகுக்கு வைத்தது என்று ஒரே மூச்சில் சொன்னேன். இந்த வேலைக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்றும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எனக்கு நினைவில்லை. தண்டபாணிதான் பிற்பாடு சொன்னார்.

பஞ்சவர்ணம் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்திலிருந்த டிரைவரிடம் கொடுத்தார். அவர் இன்னொருவரிடம். ஃபோன் வேன் வேனாகப் போய் எல்லாக் கையும் மாறித் திரும்பி வந்தது.

“பொண்ணு லச்சணமா இருக்காளே. கட்டிக் குடுத்தாச்சா?” என்றார் பஞ்சவர்ணம்.

இன்னும் இல்லை என்றேன்.

“சரி. பொம்பளப்புள்ளயப் பெத்தவ அது படத்தக் காட்டிப் பொய் சொல்ல மாட்டா. ஏலே, வண்டிய எடுங்கடா, பூ வாடுது.”

அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம், எல்லா வேன்களும் ஒன்றாக வந்ததுதான். வழக்கமாக ஒவ்வொன்றாக வருகிற வண்டிகள் அன்று கல்யாண ஊர்வலம் மாதிரி மேடத்தின் காருக்குப் பின்னால் வரிசை கட்டி வந்தன. கூடத்தில் ஒரே நேரத்தில் பூவைக் கொட்டினார்கள். காலடி வைக்க இடமில்லை. தினமும் இவ்வளவு வருமா என்று மேடம் வாயைப் பிளந்தார். வருமுங்க, ஆனா இப்படி ஒரேயடியா இல்லீங்க என்றார் தண்டபாணி. உண்மையைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. மேடம் என் காகிதங்களைப் பார்த்தார். அதில் அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. போகும்போது என்னிடம், உங்க பொண்ணு எழுதின கட்டுரை எனக்கு ஞாபகம் இருக்கு, அவங்களுக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருக்கணும் என்றார். அம்மாவுக்கும் என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசித்திருப்பார். சொல்லவில்லை.

மறுநாள் முதலாளி வந்தார். விஷயம் நிலக்கோட்டை முழுக்கத் தெரிந்திருந்ததால் அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அந்த பேனரைப் பார்க்க வேண்டுமே என்றார். முக்கில் சவுக்குக் கம்புகள்தான் நின்றன. முந்தின நாள் மதியமே பஞ்சவர்ணம் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். பூ மூட்டைக்கு மேலே போர்த்த நல்ல கெட்டியாக இருக்கிறது, மழைக்கும் தாங்கும், வீணாக எதற்கு என்று கேட்டாராம். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. என்னை இல்லை.

அந்த இரண்டு வாரம் நான் அலுவலகத்தில் எப்படி இருந்தேன் என்றால், தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தேன். தண்டபாணியின் ‘ங்க’ மட்டும் இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டது. பயிற்சியின் கடைசி நாளில் அவர் கூப்பிட்டார். லிமிட் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், நாம் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவு என்றார். குறைந்தது பேனரால்தானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

“உங்களச் சேத்துக்கறதுன்னு முடிவாயிருச்சுங்க்கா. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க.”

“கேளுங்க தம்பி.”

“நான் கேக்கலீங்க்கா. நீங்க கேளுங்க. எதுன்னாலும், எந்நேரமானாலும், நான் ஃபோன்ல இருந்தாலுஞ் சரி, கேட்டுப்போடுங்க.”

இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். இப்போது புதிதாக வருகிற இன்டர்ன்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது நான்தான். முன்கூட்டிச் செய்யுங்கள், ஆனால் பத்து நிமிடம் முன்கூட்டிக் கேளுங்கள் என்பேன். ஏன் என்று கேட்பார்கள். பக்கத்து மேசையில் தண்டபாணி தலையைக் குனிந்துகொள்வார். தோள் மட்டும் குலுங்கும்.

என் பேனர் அப்புறம் எல்லா ஊருக்கும் போனது. பஞ்சவர்ணத்தின் வண்டியில் மேடம் ஒரு பக்கம் சிரித்தபடி தொங்குவார், சக்கரத்துக்கு மேலே அந்தக் கை. மேடம் மாற்றலாகிப் போன பிறகும் அவர் முகம் மட்டும் இந்த ரோட்டை விட்டுப் போகவில்லை. பஞ்சவர்ணம் போகிற ஊரிலெல்லாம் கையைக் காட்டி யாரென்று கேட்பார்கள். அவரும் வஞ்சனையில்லாமல், அது இன்னார் மகள் கை, படிச்ச பிள்ளை, கோயம்புத்தூரில் வேலை, இன்னும் கட்டிக் கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அப்படி ஆயக்குடி வரைக்கும் போய்ச் சேர்ந்த சேதியில்தான் யாழினிக்கு வரன் வந்தது. கொய்யாத் தோப்புக்காரர்கள், மாப்பிள்ளை கோயம்புத்தூரிலேயே வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிப் பழகிப் பிடித்துப்போன பிறகு நிச்சயதார்த்தம் வைத்தோம்.

நிச்சயத்துக்குப் பூ பஞ்சவர்ணத்தின் பொறுப்பு. மண்டப வாசலில் வண்டி வந்து பின்பக்கமாகத் திரும்பி நின்றது. வெளுத்துப்போன மேடம் எல்லோரையும் வருக வருக என்றார். மாப்பிள்ளையின் அப்பா அதன் முன்னால் போய்க் கைகட்டி நின்றார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“ஏனுங்க சம்பந்தி, இந்தம்மா யாருங்க?” என்று என் கணவரைக் கேட்டார்.

“பேங்க் மேனேஜருங்க.”

“அந்தக் கை?”

என் கணவர் மண்டபத்துக்குள் கையைக் காட்டினார். “உங்க மருமக கைதாங்க.”

சம்பந்தி பேனரைப் பார்த்தார். மேடையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த யாழினியைப் பார்த்தார். அந்தச் சுருளையும் பூட்டையும் இன்னொரு முறை பார்த்தார்.

“அப்ப மோதரம் போடறதுக்கு முன்னால பேங்க்ல ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்களா?”

அன்று முதல் இரண்டு குடும்பத்திலும் எந்தக் காரியத்துக்கும் அதுதான் கேள்வி. புது ஃபிரிட்ஜ் வாங்கினால் பேங்க்ல கேட்டாச்சா. குழம்பில் உப்புக் கூடினால் பேங்க்ல கேட்டுட்டுப் போட்டிருக்கலாமே. கல்யாணம் முடிந்து, யாழினி இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. வளைகாப்புக்கு இன்னும் நாள்கூடக் குறிக்கவில்லை. போன வாரம் நான் கண்ணாடி வளையல் வாங்கிவைத்துவிட்டேன் என்று கணவர் வழியாக மாப்பிள்ளைக்குத் தெரிந்து, அவர் ஃபோன் செய்தார். “அத்தை, பேங்க்ல கேட்டீங்களாங்க? அளவு சரியா இருக்குமான்னு பாத்தீங்களாங்க?” என்றார்.

கேட்கவில்லைதான். ஆனால் அளவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கடைக்காரரிடம் யாருக்கு என்று சொன்னதும், வண்டியில் பார்த்திருக்கேன்க்கா என்று அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.